சீனி மரம்

அடித்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதுவரை நான் சொல்லி யாரும் நம்பவில்லை. போலீஸ் நம்பவில்லை. நீதிமன்றம் காது கொடுக்கவில்லை. அடி வாங்கிய ஆளே, அடித்தது தன் மகன்தான் என்று வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

என் பெயர் விமலா. வயது நாற்பத்தொன்று. ஈப்போவில் தனியாகக் குடியிருக்கிறேன், பேராக் மாநிலத்திலேயே ஒரு பல்கலைக்கழகத்தில் கணிதம் நடத்துகிறேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல். இடைநிலைப் பள்ளியில் என் அத்தையைப் பற்றித் தப்பாகப் பேசிய ஒருத்தியின் முன்பல்லை உடைத்திருக்கிறேன். இத்தனைக்கும் படித்தவள், நாலு பேருக்குச் சொல்லிக் கொடுப்பவள். படிப்பு கையைக் கட்டிப்போடும் என்று நினைப்பவர்கள் படிக்காதவர்கள்தான்.

என் தொழில் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இப்படிச் சொல்வேன். கலப்பெண்கள் என்ற ஒருவகை எண்களால் ஆன ஒரு பரப்பு இருக்கிறது. எங்கும் வழவழப்பு, ஒரே ஒரு புள்ளியில் மட்டும் கோளாறு; துணியை அந்த இடத்தில் மட்டும் கிள்ளிப் பிடித்தது மாதிரி. அந்தப் புள்ளியை நேராகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அதனால் அதைத் திறந்து பிரிக்கிறோம். பிரித்தால், அது இருந்த இடத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சில கோளங்கள் வரும். ஒவ்வொரு கோளத்துக்கும் ஒரு புள்ளி வை. இரண்டு கோளங்கள் தொட்டுக்கொண்டால் கோடு போடு. புள்ளிக்குப் பக்கத்தில் அந்தக் கோளம் எவ்வளவு முறுக்கிக்கொண்டு கிடக்கிறது என்பதை எழுது. அது எப்போதும் மைனஸ் எண்ணாகத்தான் இருக்கும். கடைசியில் கிளைவிட்ட மரம் போல ஒரு படம் கிடைக்கும். இனி பரப்பைத் தூக்கிப் போட்டுவிடலாம். இந்த மரத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்தக் கோளாறைப் பற்றி எவ்வளவு சொல்ல முடியும்? அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

இந்த வேலைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பென்சில், தாள், பொறுமை. அது மூன்றும் இருந்த ஒருவன் சிறையில் இருந்தான். என் அத்தை மகன் தர்மேந்திரன். வீட்டில் எல்லோருக்கும் தர்மா.

நாங்கள் பிறந்தது பீடோருக்கு வெளியே ஒரு தோட்டத்தில். எங்கள் காலத்துக்கு முன்பே கித்தா என்கிற ரப்பர் மரங்களைத் தள்ளிவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்டுவிட்டார்கள்; தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் மட்டும் அதே பழைய லயம். எங்கள் வீட்டுக்கும் மாரியம்மா அத்தை வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் நடப்பதெல்லாம் இந்தப் பக்கம் கேட்கும். அத்தையின் புருஷன் சீனி. முறைக்கு எனக்கு மாமா. அவர் குடிக்க மாட்டார், சீட்டாட மாட்டார், கத்தவும் மாட்டார். சத்தமில்லாமல் அடிப்பார். பெல்ட் சத்தம் கேட்கும், அப்புறம் அத்தை மூச்சை இழுப்பது கேட்கும், அப்புறம் மறுபடி பெல்ட். தர்மா கணக்கில் நூறு வாங்கினால் திமிர் ஏறிவிட்டது என்று அடி. தொண்ணூறு வாங்கினால் பத்து எங்கே என்று அடி.

என் அப்பா முத்து ஒரு முறை பலகையைத் தட்டி, "சீனி, போதும்யா" என்றார். மறுநாள் அத்தைக்கு இரண்டு மடங்கு விழுந்தது. அதன் பிறகு அப்பா பலகையைத் தட்டவில்லை.

தர்மா என்னைவிட ஐந்து மாதம் மூத்தவன். கணக்கில் என்னைவிட ஐந்து மடங்கு கெட்டிக்காரன். பல்கலைக்கழகம் போக எழுதும் ஆறாம் படிவத் தேர்வுக்கு நான்கு நாள் இருக்கும்போது, ராத்திரி விளக்கை அணைக்காமல் படித்தான் என்பதற்காக மாமா அவனுடைய வலது மணிக்கட்டைக் கதவிடுக்கில் வைத்துச் சாத்தினார். எலும்பு உடைந்த சத்தமும் பலகை வழியாகக் கேட்டது. தர்மா இடது கையால் தேர்வு எழுதித் தோற்றான். நான் பல்கலைக்கழகம் போனேன், அவன் ஈப்போவில் ஒரு இரும்புப் பட்டறைக்குப் பற்றவைப்பு வேலைக்குப் போனான்.

எங்களுக்கு முப்பத்தொரு வயதானபோது, ஒரு திங்கட்கிழமை மத்தியானம், மாமா அத்தையின் தாடையை உடைத்தார். நான்தான் தர்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். அவன் மோட்டார் சைக்கிளில் வந்தான், அடுப்படிக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த பாராங் கத்தியை எடுத்தான், மாமாவின் வலது தோளில் இரண்டு வெட்டு வெட்டினான். பிறகு வாசலில் உட்கார்ந்து போலீசுக்குக் காத்திருந்தான். மாமா பிழைத்துக்கொண்டார், அந்தக் கை மட்டும் தொங்கிப் போனது. தர்மாவுக்குப் பதினான்கு வருடம் போட்டு, நன்னடத்தைக்குக் கழித்துக்கொண்டு, ஒன்பது வருடம் சொச்சத்தில் விட்டார்கள். நாலாவது வருடம் அத்தை செத்துப்போனாள். தர்மாவை விலங்கோடு கூட்டி வந்து ஒரு மணி நேரம் முகம் பார்க்க விட்டார்கள். அவன் அழவில்லை. நான் அழுத அழுகையில் வார்டர் எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

சிறைக்கு நான் முதலில் அனுப்பிய மரம் எட்டுப் புள்ளி மரம், எல்லாப் புள்ளியிலும் மைனஸ் இரண்டு. விதியையும் எழுதியிருந்தேன். எல்லாப் புள்ளியிலும் ஒன்று வை. ஒரு புள்ளியில் நின்று, அங்கே வைத்ததை அதன் மைனஸ் எண்ணால் பெருக்கி, தொட்டுக்கொண்டிருக்கும் புள்ளிகளில் வைத்ததைக் கூட்டு. விடை பூஜ்யத்துக்கு மேலே போனால் அந்தப் புள்ளியில் இன்னொன்று ஏற்று. எங்கேயும் மேலே போகாத வரை விடாதே. எந்த வரிசையில் ஏற்றினாலும் முடிவு ஒன்றுதான்.

பதினைந்து நாளில் பதில் வந்தது. நடுப்புள்ளியில் ஆறு என்று சரியாகப் போட்டு, கீழே ஒரு வரி எழுதியிருந்தான். "இது சின்னப் பிள்ளைக் கணக்கு. பெருசா அனுப்பு."

பெரிதாக அனுப்பினேன். ஏழு வருடம் அனுப்பினேன். உள்ளே இருந்தவர்கள் அவன் தாளில் எண்களைப் பார்த்து, நாலு நம்பர் லாட்டரிக்கு ஏதோ வித்தை போடுகிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். எங்களுக்கும் நம்பர் எடுத்துக் கொடு என்றார்கள். இது அதற்கில்லை என்று இவன் சொன்னதை நம்பாமல் கழிப்பறையில் வைத்து மிதித்தார்கள். அந்த மாதக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. "விலா எலும்பு ரெண்டு போச்சு. பதினொன்னாவது கிளை சரியா வரல, நீ ஒரு தடவ பாரு."

இந்த மரங்களில் ஒரு எண்ணை இரண்டு வழியில் கணக்கிடலாம். இரண்டு வழியிலும் ஒரே விடைதான் வரும் என்று இருபது வருடமாக இத்துறையில் எல்லோரும் நம்பினார்கள். நிரூபிக்க முடியவில்லை, ஆனால் நம்பினார்கள். நானும் நம்பினேன். எட்டாவது வருடம் தர்மாவிடமிருந்து ஒரு மரம் வந்தது. பத்தொன்பது புள்ளிகள். ஒரு வழியில் ஆறு, இன்னொரு வழியில் ஐந்து. நான் கணினியில் போட்டுப் பார்த்தேன். கையால் போட்டுப் பார்த்தேன். மூன்று நாள் தூங்காமல் பிழை தேடினேன், கிடைக்கவில்லை. அவன் சொன்னது சரி. உலகம் இருபது வருடமாக நம்பியதை என் மச்சான் சிறையில் உட்கார்ந்து பென்சிலால் உடைத்துவிட்டான்.

கட்டுரையை நான் எழுதினேன். இரண்டு பேர் பெயரும் போட்டேன். அதில் நான் வஞ்சகம் செய்யவில்லை. தப்பு வேறு இடத்தில் நடந்தது. ஆய்விதழுக்கு அனுப்பும்போது கணினியில் ஒரு படிவம் வரும். முதல் பெயர் ஒரு கட்டம், குடும்பப் பெயர் ஒரு கட்டம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? அடையாள அட்டையில் இருப்பது நம் பெயரும், இன்னாருக்குப் பிறந்தவர் என்று அப்பன் பெயரும்தான். நான் பதினைந்து வருடமாக இரண்டாவது கட்டத்தில் முத்து என்று போட்டு வருகிறேன். வெளிநாட்டில் என்னை டாக்டர் முத்து என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் ஒரு பெருமைகூட உண்டு. அதே கைப்பழக்கத்தில் தர்மாவுக்கும் போட்டேன். முதல் கட்டத்தில் தர்மேந்திரன். இரண்டாவது கட்டத்தில் சீனி. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

கட்டுரை வந்து ஆறு மாதத்தில் அந்த மரத்துக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். சீனி மரம். ஜப்பானில் ஒருவர் சீனி மரத்தைப் பொதுமைப்படுத்தினார். ஐரோப்பாவில் ஒருத்தி சீனி மரங்கள் எத்தனை உண்டு என்று ஆய்வேடு எழுதினாள். முதல் முறை அந்தப் பெயரைத் திரையில் பார்த்ததும் கணினியை மூடிவிட்டேன். ஆனாலும் தர்மாவுக்கு நான் எழுதவில்லை. வெளியே வரட்டும், நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். அதற்குள் ஒரு தமிழ்ப் பத்திரிகை எங்கிருந்தோ பிடித்து, பீடோர்த் தமிழரின் பெயரில் கணித மரம் என்று போட்டுவிட்டது. சீனி மாமா அந்தத் துண்டைப் பிளாஸ்டிக் ஒட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பீடோர் சாப்பாட்டுக் கடைகளில் மேசை மேசையாகக் காட்டினார் என்று கேள்விப்பட்டேன். என் பேரில் வெளிநாட்டில் மரம் இருக்கிறது என்று.

தர்மா விடுதலையாகி என் வீட்டுக்கு வந்த அன்றே கட்டுரையைக் கேட்டான். அச்சிட்டு வைத்திருந்தேன், கொடுத்தேன். முதல் பக்கத்தைப் பார்த்தான். பின்னால் வந்தவர்கள் எழுதியதையும் கேட்டான், அதையும் கொடுத்தேன். சீனி, சீனி, சீனி என்று பக்கத்துக்குப் பக்கம். படித்து முடித்துவிட்டு எழுந்து போய்ச் சாப்பிட்ட தட்டைக் கழுவினான். குழாயை மூடிவிட்டுக் கேட்டான்.

"இத மாத்த முடியுமா?"

"எழுதிக் கேக்கறேன் மச்சான். என் தப்புதான்."

"மாத்த முடிஞ்சா மாத்து. என் பேரு வேணாம்னாலும் பரவால்ல. அந்தாளு பேரு இருக்கக் கூடாது. அது ஒன்னுதான் நான் கேக்கறது."

அன்றே எழுதினேன். இதழிலிருந்து இரண்டு வாரத்தில் பதில் வந்தது, மிக மரியாதையாக. ஆசிரியரின் பெயர் அவருடைய அடையாள ஆவணத்தோடு ஒத்துப்போகிறது, ஆகவே திருத்துவதற்குப் பிழை எதுவும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் இருந்த கோப்பையைச் சுவரில் அடித்தேன். தர்மா துடைப்பம் எடுத்து வந்து கூட்டினான்.

அந்தச் சமயத்தில்தான் அடைக்கப்பன் கூப்பிட்டார். ஈப்போவில் பெரிய வியாபாரி, செட்டியார், பிள்ளைகள் படிப்புக்கு அள்ளிக் கொடுப்பவர், தங்கமான மனிதர். தங்கமான மனிதர்கள் செய்கிற நாசத்தைக் கெட்டவர்கள் செய்துவிட முடியாது. பீடோர் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பாராட்டு விழா, தர்மாவுக்குப் பொன்னாடை போர்த்தி ஒரு கேடயம் கொடுக்க வேண்டும் என்றார். தர்மா வரமாட்டேன் என்றான். நான்தான் விடவில்லை. ஊரார் முன்னால் மைக்கைப் பிடித்து, இது தர்மேந்திரன் மரம் என்று சொல்லிவிட்டால் பத்திரிகையில் வரும், பத்திரிகையில் வந்தால் இதழுக்கு அனுப்பலாம் என்று கணக்குப் போட்டேன்.

"நீ சொன்னா வாரேன்" என்றான்.

மண்டபத்தில் அடைக்கப்பன் எனக்குக் கேடயத்தைத் தனியாகக் காட்டினார். கறுப்புக் கிரானைட், இரண்டு கைக்கும் கனம். அதில் பத்தொன்பது புள்ளி மரத்தைப் பொன் நிறத்தில் செதுக்கியிருந்தார்கள். எண்களும் இருந்தன. மைனஸ் குறிகள் மட்டும் இல்லை.

"அத நான்தான் டாக்டரம்மா எடுக்கச் சொன்னேன். நல்ல காரியத்துல எல்லாத்துக்கும் மைனஸ் போட்டா மங்களமா இருக்காதுல்ல" என்றார்.

மைனஸை எடுத்துவிட்டால் அந்தக் கணக்கு முடிவே இல்லாமல் ஏறிக்கொண்டே போகும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வாசலில் சலசலப்பு. சீனி மாமா வந்துகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, தொங்கும் கை சட்டைக்குள், நெற்றியில் பட்டை.

"பெத்தவர் இல்லாம எப்படி? அப்பனையும் மகனையும் சேர்த்து வைக்கறது புண்ணியம்" என்றார் அடைக்கப்பன். அவருக்குப் பழைய கதை தெரியும். தெரிந்துதான் செய்தார்.

முதல் பொன்னாடை மாமாவுக்கு விழுந்தது. இடது கையால் மைக்கைப் பிடித்துக்கொண்டார். "அடியாத மாடு படியாதுன்னு சொல்வாங்க. எம் மகன நான் அடிச்சுத்தான் வளர்த்தேன். இன்னிக்கு எம் பேர ஒலகம் சொல்லுது" என்றார். மண்டபம் கைதட்டியது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தர்மா தன் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்திருந்தான். நான் அவன் தோளைத் தொட்டு எழுப்பி, மேடைக்குப் பின்னால் நாற்காலி அடுக்கும் அறைக்குக் கூட்டிப் போனேன். மேடையில் பள்ளிப் பிள்ளைகளின் நடனம் ஆரம்பித்தது. பாட்டுச் சத்தத்தில் காது அடைத்தது.

மாமா பின்னாலேயே வந்துவிட்டார். கேடயத்தை இடது கையில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து, அங்கிருந்த மேசையில் வைத்தார்.

"ஏன்டா, மேடைக்கு வர மாட்டியா? நாலு பேரு பார்க்கறாங்கல்ல."

தர்மா ஒரு நாற்காலியை எடுத்து அடுக்கின் மேல் வைத்தான்.

"மாமா, வெளிய போங்க" என்றேன்.

"நீ யாரு என்னைப் போகச் சொல்றதுக்கு? எம் பேரப் போட்டதே நீதானே. ஒனக்குத் தெரிஞ்சிருக்கு, இவன் யாரு சொத்துன்னு." சிரித்தார். "ஒங்க அத்தக்காரி இருந்து பார்த்திருக்கணும். அவளுக்கும் சரி இவனுக்கும் சரி, ஒரு அடிகூட வீணாப் போகல."

அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்று கேட்டால், ஒன்றும் நினைக்கவில்லை. கேடயத்தை இரண்டு கையாலும் எடுத்தேன். முதல் அடி கன்னத்தில். எலும்பு உள்ளே போனது கையில் தெரிந்தது. மாமா நாற்காலி அடுக்கில் சாய்ந்து கீழே விழுந்தார். இரண்டாவது அடி வாயில். சிமெண்டுத் தரையில் பல் உருண்டது. அவர் ஒரே ஒரு கையைத் தூக்கி முகத்தை மறைக்கப் பார்த்தார், நான் அந்தக் கைக்கு மேலேயே மூன்றாவதை இறக்கினேன். பொன்னாடை நனைந்தது. எனக்கு நன்றாக இருந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, நன்றாகவே இருந்தது. பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் படுத்துக்கொண்டு நான் கேட்ட ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒன்று கொடுக்க வேண்டும் போல இருந்தது. நாலாவதுக்கு ஓங்கியபோது தர்மா என் மணிக்கட்டைப் பிடித்தான்.

"விமலா. குடு."

என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேடயத்தை வாங்கினான். அதைத் தன் சட்டையோடு சேர்த்து அணைத்துக்கொண்டான், இரத்தம் அவன் மேல் படுகிற மாதிரி.

"பின்வாசல் வழியாப் போ. கார எடுத்துட்டு வீட்டுக்குப் போயிரு."

"மச்சான், அடிச்சது நான்."

"ஒனக்கு வேல இருக்கு. எனக்கு என்னா இருக்கு? உள்ள எனக்கு எல்லாம் பழகின எடம்தான். பென்சில் இருந்தாப் போதும். நேரம் போவுது, போ."

நான் போனேன். யாரும் என்னைத் தள்ளிவிடவில்லை. என் காலால் நடந்துதான் போனேன். கார் கதவைச் சாத்தும்போது பாட்டு நின்று உள்ளே யாரோ அலறுவது கேட்டது.

புதன்கிழமைதான் பீடோர் போலீஸ் நிலையத்துக்குப் போய் உண்மையைச் சொன்னேன். விசாரணை அதிகாரி இன்ஸ்பெக்டர் விக்னேஸ்வரி, என் வயதுதான் இருக்கும். முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். பேனாவை எடுக்கவில்லை.

"டாக்டர், அடி வாங்குனவர் சொல்றாரு மகன்தான் அடிச்சாருன்னு. மகனும் அதேதான் சொல்றாரு. கேடயம் அவர் கைல இருந்துச்சு, சட்டையெல்லாம் ரத்தம், எட்டுப் பேரு பார்த்திருக்காங்க. நீங்க அன்னிக்குக் கட்டியிருந்த சேலய கொண்டு வர முடியுமா?"

"தொவச்சிட்டேன்."

"நடந்தது ஞாயித்துக்கெழம. இன்னிக்குப் புதன். இடையில என்னா பண்ணிங்க?"

"பயமா இருந்துச்சு" என்றேன்.

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "கசின் மேல பாசம் இருக்கறது தப்பில்ல டாக்டர். ஆனா போலீஸ்கிட்ட பொய் சொல்றது குத்தம். வீட்டுக்குப் போங்க" என்றார். குரலில் இரக்கம் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

மாமாவைப் பார்க்க மருத்துவமனைக்குப் போனேன். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருந்தார்கள், இடது கண் மூடியிருந்தது. யார் அடித்தது என்று உங்களுக்குத் தெரியும், ஏன் அவன் பெயரைச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அவர் பல்லிடுக்கு வழியாகப் பேசினார், எச்சில் வழிந்தது.

"பொம்பள கையால அடி வாங்குனேன்னு பீடோர்ல எல்லாரும் சிரிக்கணுமா? மகன் அடிச்சான்னா, அது ஆம்பளைங்க வெவகாரம்."

பிறந்ததிலிருந்து எதிலும் ஒத்துப்போகாத அப்பனும் மகனும் இந்த ஒரு பொய்யில் ஒத்துப்போனார்கள். ஒருவன் எனக்காக, இன்னொருவர் தன் மீசைக்காக. அந்தக் கட்டிலின் கம்பியைப் பிடித்து உலுக்கினேன். தாதி வந்து என்னை வெளியே அனுப்பினாள்.

தாப்பா நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் குற்றச்சாட்டைப் படித்ததும் தர்மா குற்றத்தை ஒப்புக்கொண்டான். நான் பார்வையாளர் பெஞ்சிலிருந்து எழுந்து, அடித்தது நான் என்று மலாயிலும் சொன்னேன், ஆங்கிலத்திலும் சொன்னேன். நீதிபதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. காவலர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். பழைய குற்றமும் சேர்ந்ததால் ஏழு வருடம்.

போன மாதம் சிறைக்குப் போனேன். நடுவில் கண்ணாடி, இரண்டு பக்கமும் போன். தர்மா இளைத்திருந்தான், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. பெயரை மாற்ற மறுபடி எழுதியிருக்கிறேன், வக்கீலிடமும் பேசியிருக்கிறேன், நான் விடமாட்டேன் என்றேன். அவன் சிரித்தான்.

"விடு விமலா. நான் செஞ்சது அந்தாளு பேருல இருக்கு. நீ செஞ்சது என் பேருல இருக்கு. ஒலகத்துக்கு அதுவே போதும்போல."

 அவன் தொடர்ந்தான்.

"ஒன்னே ஒன்னு கேக்கணும். இன்ஸ்பெக்டர் சொன்னாங்க, நீ புதன்கெழம வந்தேன்னு. நான் போகச் சொன்னேன், சரி. ஆனா நீ அன்னிக்கே திரும்பி வருவேன்னுதான் நெனச்சேன். உள்ள உக்காந்து வாசலப் பார்த்துக்கிட்டே இருந்தேன். வந்தா திட்டி அனுப்பணும்னு. அந்த மூனு நாளு என்னா பண்ணே?"

இன்ஸ்பெக்டரிடம் சொன்னதையே சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். ஆனால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த முகத்தை வைத்துக்கொண்டு என்னால் முடியவில்லை.

"திங்கக்கெழம எனக்கு நேர்முகத் தேர்வு மச்சான். இணைப் பேராசிரியர் பதவிக்கு. ஆறு வருஷமாக் காத்துக்கிட்டு இருந்தது."

"போனியா?"

"போனேன்."

"என்னா கேட்டாங்க?"

"சீனி மரத்தப் பத்தி." வேறு பெயர் வாயில் வரவில்லை. "பலகையில வரைஞ்சு காட்டச் சொன்னாங்க. இருபது நிமிஷம் பேசினேன். செவ்வாய்க்கெழம முடிவு சொல்றோம்னாங்க. அதான் புதன்கெழம வந்தேன்."

 போனில் அவன் மூச்சு எனக்குக் கேட்டது.

"கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சு."

அவன் தலையை ஆட்டினான். போனைக் கொக்கியில் மெதுவாக மாட்டினான். இன்னும் பதினைந்து நிமிடம் பாக்கி இருந்தது. எழுந்து வார்டரிடம் ஏதோ சொன்னான், கதவைத் திறந்தார்கள், போய்விட்டான். நான் கண்ணாடியைக் கையால் அடித்தேன், பெயர் சொல்லிக் கூப்பிட்டேன்; அந்தப் பக்கம் கேட்காது.

இந்த மாதம் சந்திக்க விண்ணப்பித்தேன். கைதி மறுத்துவிட்டார் என்று பதில் வந்தது. நான் அனுப்பிய மரமும் உறை பிரிக்காமல் திரும்பி வந்திருக்கிறது.